ரஷ்யாவில் படிக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: வோல்கா கரையில் ஆறு ஆண்டுகள் இருந்தவனின் பதில்கள்

நீட் முடிவு வந்த மறுவாரத்திலிருந்து என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. "தம்பி, நீங்கள் ரஷ்யாவில் படித்தவராமே" என்றுதான் பேச்சு தொடங்கும். பேசுகிறவர் பெரும்பாலும் ஓர் அப்பா. அவருக்குப் பின்னால், கேட்க வேண்டியதை எடுத்துக்கொடுத்தபடி ஓர் அம்மாவின் குரலும் கேட்கும். 2013இல் போய் 2019இல் மருத்துவப் பட்டத்துடன் திரும்பினேன். இப்போது காவிரிக் கரையில் ஒரு சிறிய ஊரில் வேலை பார்க்கிறேன். நான் திரும்பிய பிறகு அங்கே பலவும் மாறிவிட்டன; அந்த மாற்றங்களை இப்போது அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். ஒரே பதிலை நூறு முறை சொல்வதைவிட ஒரு முறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நீட் தேர்ச்சி இல்லாமல் ரஷ்யாவில் மருத்துவம் படிக்க முடியுமா?

படிக்க முடியும். இந்தியாவில் மருத்துவராக முடியாது. ரஷ்யப் பல்கலைக்கழகத்துக்கு உங்கள் நீட் மதிப்பெண்ணைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. பணம் கட்டினால் சேர்த்துக்கொள்ளும். ஆனால் 2018 முதல், வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே பதிவு செய்ய நினைக்கும் எவரும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். அந்தத் தகுதி, வெளிநாட்டுச் சேர்க்கைக்கு மூன்று ஆண்டுகள் செல்லும். நான் போன காலத்தில் இந்தக் கட்டாயம் இல்லை. "உங்களுக்கு மட்டும் எப்படி?" என்று என்னிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

என்.எம்.சி. அங்கீகரித்த ரஷ்யக் கல்லூரிகளின் பட்டியல் எங்கே கிடைக்கும்?

எங்கேயும் கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒரு பட்டியலே இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் வெளிநாட்டுக் கல்லூரி எதற்கும் அங்கீகாரம் தருவதில்லை. ஏஜென்ட் மேசையில் பளபளக்கும் அட்டையில் "என்.எம்.சி. அப்ரூவ்டு" என்று அச்சிட்டிருந்தால், அந்த அச்சகத்தின் தரத்தைப் பாராட்டிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இருப்பவை நிபந்தனைகள்தாம். 2021 நவம்பரில் வந்த விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதற்கு மேல் 12 மாதப் பயிற்சி மருத்துவம் அதே நிறுவனத்தில் முடிந்திருக்க வேண்டும். பாடமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும். திரும்பி வந்து இங்கே இன்னும் 12 மாதம் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். இவை அனைவர் காதிலும் விழுந்தவை.

பலர் காதில் விழாத நிபந்தனை ஒன்று உண்டு. படித்த நாட்டின் குடிமகன் எப்படி மருத்துவராகப் பதிவு பெறத் தகுதி பெறுகிறானோ, அதே தகுதி உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அது. ரஷ்யாவில் பட்டம் மட்டும் ஒருவரை மருத்துவர் ஆக்குவதில்லை. பட்டத்துக்குப் பிறகு "அக்ரெதித்தாத்ஸியா" என்ற தகுதித் தேர்வு இருக்கிறது. அது ரஷ்ய மொழியில் நடக்கிறது. ஆகவே பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ஆங்கிலவழி மாணவர் இந்தத் தேர்வை எழுதலாமா? 12 மாதப் பயிற்சியை எந்த வடிவில், எந்தச் சான்றிதழோடு தருகிறீர்கள்? பதில் பல்கலைக்கழகத்தின் முகவரியிலிருந்து, எழுத்தில் வர வேண்டும். ஏஜென்ட் அனுப்பும் குரல்பதிவை எந்த அலுவலகமும் ஏற்காது.

பாடம் ஆங்கிலத்தில்தானே? ரஷ்ய மொழி எதற்கு?

வகுப்பில் பேராசிரியர் ஆங்கிலம் பேசுவார். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் பாட்டி பேசமாட்டார்.

மூன்றாம் ஆண்டில் வார்டுக்கு அனுப்பத் தொடங்குவார்கள். எனக்கு முதன்முதலில் கிடைத்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். நெஞ்சைத் தொட்டுக் காட்டி "தாவித், தாவித்" என்றார். எனக்கு அந்தச் சொல் தெரியவில்லை. வலிக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறார் போலும் என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பின்னால் நின்ற ஆசிரியை என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "கோலெத்" என்றால் சுருக்கென்று குத்துகிறது. "நோயெத்" என்றால் விட்டுவிடாமல் மெல்லக் குடைகிறது. "தாவித்" என்றால் அழுத்துகிறது, பாறாங்கல்லைத் தூக்கி வைத்ததுபோல. நெஞ்சில் அழுத்துகிறது என்று ஒரு முதியவர் சொன்னால் உடனே இதயத்தை நினைக்க வேண்டும் என்பது, ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் நான் மனப்பாடம் செய்த செய்திதான். அவர் அதை ரஷ்ய மொழியில் சொன்னபோது எனக்குக் காது கேட்கவில்லை.

அன்றிலிருந்து நோட்டுப் போட்டேன். "நோயெத்" மட்டும் உடனே மனதில் நின்றது. நம் நோய்க்கும் நோவுக்கும் அதற்கும் உறவு எதுவும் இல்லை, ஆனால் ஒலி கைகொடுத்தது.

எழுத்து 33தான். ஒரு வாரத்தில் படித்துவிடலாம். ஆங்கில எழுத்துகளின் வேடத்தில் வரும் சிலவற்றிடம் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: "பி" போலத் தெரிவது ர, "எச்" போலத் தெரிவது ந, "சி" போலத் தெரிவது ஸ. உச்சரிப்பில் நமக்கு ஓர் அனுகூலமும் உண்டு. வெளிநாட்டு மாணவர்கள் பலரையும் திணற வைக்கும் ஓர் உயிரொலி ரஷ்ய மொழியில் இருக்கிறது. உதட்டைக் குவிக்காமல் சொல்லும் உகரம். "காசு", "பாட்டு" என்று சொல்லும்போது கடைசியில் வருகிறதே நம் குற்றியலுகரம், ஏறக்குறைய அதுதான். தொல்காப்பியர் இங்கே வந்து கைகொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

விமானம் ஏறுவதற்கு முன்பே மூன்று மாதம் படியுங்கள். சென்னையில் கஸ்தூரி ரங்கன் சாலையில் உள்ள ரஷ்ய இல்லம் என்ற ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் மொழி வகுப்பு நடக்கிறது.

தேர்வுகள் கடினமா? பணம் கொடுத்தால் போட்டுவிடுவார்கள் என்கிறார்களே?

அப்படி நம்பிப் போகிறவர் இரண்டாம் ஆண்டு உடற்கூறியலில் சிக்கிக்கொள்வார்.

மதிப்பெண் 5, 4, 3, 2 என்று நான்கே படி. 2 என்றால் தோல்வி. பெரும்பாலான பெரிய தேர்வுகள் வாய்மொழியாக நடக்கும். மேசையில் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நீங்கள் ஒன்றை எடுக்க வேண்டும். அதற்கு "பிலேத்" என்று பெயர். டிக்கெட் என்பதற்கும் அதே சொல்தான். அதில் உள்ள கேள்விகளுக்குச் சற்று நேரம் யோசித்து, பேராசிரியர் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். எழுதியே பழகிய நம் பிள்ளைகளுக்கு முதல் முறை நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அதைவிடப் பெரிய தலைவலி "அத்ரபோத்கா". ஒரு வகுப்புக்குப் போகாவிட்டால், அந்தப் பாடத்தை வேறொரு நாளில் ஆசிரியரிடம் போய் ஒப்பித்து, விட்ட வகுப்பை ஈடுகட்ட வேண்டும். காய்ச்சல் என்று மருத்துவச் சான்று கொடுத்தாலும் பாடத்தை ஈடுகட்டத்தான் வேண்டும். இப்படிப் பத்து, பதினைந்து சேர்ந்துவிட்டால் பருவத் தேர்வுக்கே உள்ளே விடமாட்டார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வர நினைப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஜனவரியில்தான் குளிர்காலத் தேர்வு.

ஏஜென்ட் வழியாகப் போகலாமா?

போகலாம், முதல் முறை வெளிநாடு போகும் குடும்பத்துக்குத் துணை தேவைதான். ஆனால் மூன்று பொருள்கள் எப்போதும் உங்கள் கையில் இருக்க வேண்டும்: பாஸ்போர்ட், பல்கலைக்கழகத்தோடு நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது.

எங்கள் குழுவை அழைத்துப்போனவர் விமான நிலையத்திலேயே எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் "பதிவுக்காக" வாங்கிக்கொண்டார். பதிவு முடிந்த பிறகும் திருப்பித் தரவில்லை. விசா நீட்டிப்புக்கு என்று ஒரு தொகை, மறுபடியும் அதற்கே ஒரு தொகை. நான்கு மாதம் கழித்து, எங்களில் ஒரு பெண் தட்டுத்தடுமாறிய ரஷ்ய மொழியில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நேரில் கேட்டாள். விசாவை நீட்டிப்பது பல்கலைக்கழகத்தின் வேலை, நாங்கள் கட்ட வேண்டியது சிறிய அரசுக் கட்டணம் மட்டும் என்று அங்கேதான் தெரிந்தது.

ஒப்பந்தம் ரூபிளில் இருக்கும். ஏஜென்ட் டாலரில் பேசுவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2022 மார்ச்சில் ஒரு டாலருக்கு 120 ரூபிள் வரை போனது; அதே ஆண்டு ஜூனில் 55க்கும் கீழே வந்தது. ரூபிள் கட்டணம் மாறாமல் இருக்க, டாலர் கணக்கு மூன்றே மாதத்தில் இரட்டிப்பானது. ஆகவே ரூபிள் தொகையைக் கேட்டு, அன்றைய மாற்று விகிதத்தில் நீங்களே கணக்குப் போடுங்கள்.

கட்டணமில்லாமல் படிக்க வழி உண்டா?

உண்டு. ரஷ்ய அரசு ஆண்டுதோறும் வெளிநாட்டு மாணவர்களுக்கு இடம் ஒதுக்குகிறது. இந்திய மாணவர்களுக்கான தேர்வு ரஷ்ய இல்லங்கள் வழியாக நடக்கும். டெல்லி, மும்பை, கொல்கத்தா, திருவனந்தபுரத்திலும் அவை இருக்கின்றன. கல்விக் கட்டணம் இல்லை, சிறிய உதவித்தொகையும் உண்டு. விமானச் செலவு, காப்பீடு, விடுதி வாடகை, சாப்பாடு உங்களுடையவை. பெரும்பாலும் முதல் ஓராண்டு மொழி படித்து, பிறகு ரஷ்ய மொழியிலேயே பாடம் படிக்க வேண்டியிருக்கும். மருத்துவம் படிக்கிறவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும்: ஆங்கில வழி வேண்டும் என்ற நம் ஆணைய விதி இடிக்கும். பொறியியல், இயற்பியல், மொழியியல் படிக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இதற்கு ஏஜென்ட் தேவையே இல்லை.

விசா எப்படி வாங்குவது?

பல்கலைக்கழகம் ரஷ்ய உள்துறை அமைச்சகம் வழியாக அழைப்புக் கடிதம் வாங்கி அனுப்பும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். அது வந்த பிறகு, பாஸ்போர்ட், எச்.ஐ.வி. இல்லை என்ற சான்று முதலியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் சாந்தோம் நெடுஞ்சாலையில் ரஷ்யத் துணைத் தூதரகம் இருக்கிறது. முதலில் கிடைப்பது பொதுவாக 90 நாள், ஒரு முறை நுழைவு விசா. அங்கே போன பிறகு பல்கலைக்கழகம் அதைப் பலமுறை நுழைவு விசாவாக நீட்டித்துத் தரும். அந்த நீட்டிப்பு வரும் வரை ஊருக்குத் திரும்பும் டிக்கெட் எடுக்காதீர்கள். வெளியே வந்தால் உள்ளே போக முடியாது.

பிளஸ் டூ சான்றிதழுக்கு, அது உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரையும், நோட்டரி சான்றளித்த ரஷ்ய மொழிபெயர்ப்பும் வேண்டும். மொழிபெயர்ப்பில் பெயரின் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். நம் பெயர்களில் உள்ள ழகரமும் தலைப்பெழுத்தும் ரஷ்ய எழுத்துக்கு மாறும்போது ஆளுக்கொரு விதமாகிவிடும். விசாவில் ஒன்று, மொழிபெயர்ப்பில் ஒன்று, பட்டத்தில் ஒன்று என்று மூன்று பெயரோடு திரும்பி வந்து நீதிமன்றப் படியேறியவர்களை எனக்குத் தெரியும்.

ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கும் இ-விசாவில் படிக்கப் போக முடியாது. "போய்விட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

போய் இறங்கிய முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

எல்லையில் மைக்ரேஷன் கார்டு என்று ஒரு சிறிய தாள் தருவார்கள். பஸ் டிக்கெட் மாதிரிதான் இருக்கும், ஆனால் நாட்டைவிட்டு வெளியேறும் வரை அது பாஸ்போர்ட்டுக்குச் சமம். உடனே விடுதிக்குப் போய், பாஸ்போர்ட்டையும் அந்தத் தாளையும் கொடுத்து முகவரிப் பதிவு செய்ய வேண்டும். சட்டம் தரும் அவகாசம் பொதுவாக ஏழு வேலை நாள். பல்கலைக்கழகம் இன்னும் சீக்கிரம் கேட்கும். வேறு நகரத்துக்குப் போய்த் தங்கினாலும் இதே கதைதான். ஓட்டலில் தங்கினால் அவர்களே பதிவு செய்வார்கள்.

90 நாளுக்கு மேல் தங்கும் மாணவர்கள் கைரேகை கொடுத்து, மருத்துவப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். இது 2021 கடைசியில் வந்த விதி. 2025 தொடக்கத்திலிருந்து சிம் வாங்குவதும் எளிதாக இல்லை: வங்கியில் முகமும் குரலும் பதிந்து, அவர்களுடைய காப்பீட்டு எண் ஒன்றைப் பெற்று, கைப்பேசியின் அடையாள எண்ணையும் கொடுத்த பிறகுதான் கிடைக்கும். முதல் இரண்டு வாரத்துக்கு விடுதி வைஃபையை நம்பித்தான் இருக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் அம்மா தூங்கமாட்டார்.

இந்திய ஏ.டி.எம். கார்டு வேலை செய்யுமா?

செய்யாது. விசா, மாஸ்டர்கார்டு என்ற கார்டு நிறுவனங்கள் இரண்டும் 2022 மார்ச்சில் ரஷ்யாவில் சேவையை நிறுத்திவிட்டன. வெளிநாட்டில் வழங்கிய கார்டு அங்கே வெறும் பிளாஸ்டிக். முதல் இரண்டு மாதச் செலவைக் கையில் டாலராகக் கொண்டுபோங்கள். கிழியாத, மடிப்பில்லாத, கிறுக்கல் இல்லாத நோட்டுகள் வேண்டும். வங்கிக் காசாளர் விளக்கில் பிடித்துப் பார்ப்பார். 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். பிறகு உள்ளூர் வங்கியில் கணக்குத் தொடங்கி ரஷ்யாவின் சொந்தக் கார்டான "மிர்" வாங்கிவிட்டால் காய்கறிக் கடை வரை எல்லாம் கைப்பேசியில் முடிந்துவிடும்.

கல்விக் கட்டணத்தை இங்கிருந்து அனுப்பும்போது, பெறும் வங்கி மேற்கத்திய நாடுகளின் தடைப் பட்டியலில் இல்லாததுதானா என்று பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவிடம் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். போன ஆண்டு போன வழியில் இந்த ஆண்டு பணம் போகும் என்பது நிச்சயமில்லை.

வாட்ஸ்அப்பில் பேச முடியுமா?

2025 ஆகஸ்டில் வாட்ஸ்அப், டெலிகிராம் அழைப்புகளை முடக்கினார்கள். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் 2022 முதலே இல்லை. கைப்பேசி இணையம் சில நாள் சில நகரங்களில் நின்றுபோகும். ட்ரோன் தாக்குதலுக்கு எதிரான நடவடிக்கை என்பார்கள். மகனிடமிருந்து ஒரு நாள் செய்தி வரவில்லை என்றால் பதறாமல் இருக்க, கூடப் படிக்கும் இரண்டு பேருடைய ரஷ்ய எண்ணையும் விடுதி எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்கோ நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். நோவோசிபிர்ஸ்க் ஒன்றரை மணி முன்னால். ரஷ்யா என்றால் ஒரே நேரம் இல்லை, பதினொன்று.

குளிரைத் தாங்க முடியுமா?

வீட்டுக்குள் நீங்கள் நினைப்பதைவிட வெப்பமாக இருக்கும். சுவரோரம் வெந்நீர் ஓடும் இரும்புக் குழாய்கள் இருக்கும், "பத்தரேயா" என்பார்கள். அக்டோபரில் நகரமே முடிவு செய்து திறந்துவிடும், வசந்தத்தில் மூடும். ஜனவரியில் அறைக்குள் அரைக்கைச் சட்டையோடு ஜன்னலைச் சற்றே திறந்து வைத்துப் படித்திருக்கிறேன்.

வெளியில் மைனஸ் 15 என்பது வோல்கா பக்கம் சாதாரணம். அதைவிடப் பயப்பட வேண்டியது பூஜ்யத்தைச் சுற்றி நிற்கும் நாள்களுக்குத்தான். பனி உருகி, இரவில் மறுபடி உறைந்து, நடைபாதை கண்ணாடியாகிவிடும். எங்கள் வகுப்பில் குளிரால் படுத்தவரைவிட வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்கள் அதிகம். பென்குயின் மாதிரி சிறு அடிகளாக வைத்து நடங்கள். காலணி நல்லதாக இருக்கட்டும்.

சென்னையில் குளிர் கோட்டு வாங்காதீர்கள். அங்கே போய் வாங்குங்கள். இங்கிருந்து உள்ளே போடும் தெர்மல் இரண்டு செட் போதும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஆண்பிள்ளைகளும்தான். விடுதியில் மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை இருக்கும். அரிசி, பருப்பு, உருளை, முட்டைகோஸ், கோழி எல்லாம் கிடைக்கும். கறிவேப்பிலை கிடைக்காது. அதற்குப் பதிலாக எல்லாவற்றின் மீதும் "உக்ரோப்" என்ற கீரையைத் தூவுவார்கள். சோயிக்கீரை என்று இங்கே சில ஊரில் சொல்வார்கள். சூப்பில், சாலடில், உருளைக்கிழங்கில், மீனில் எங்கும் அதுதான். இரண்டாம் ஆண்டு வரை வெறுத்தேன். இப்போது தேடுகிறேன்.

மோருக்குப் பதில் கெஃபிர் இருக்கிறது. உப்பும் இஞ்சியும் தட்டிப் போட்டால் ஏமாற்றிவிடலாம். "க்ரேச்கா" என்ற தானியத்தைக் குருணைபோல வேகவைத்து ரசம் ஊற்றிச் சாப்பிடலாம். சைவம் என்று கடையில் சொன்னால் புரியாது, "பெஸ் மியாஸா", அதாவது இறைச்சி இல்லாமல், என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னாலும் மீன் வரலாம்.

இட்லி மாவு குளிர்காலத்தில் புளிக்காதே என்று ஓர் அம்மா அழாத குறையாகக் கேட்டார். பாத்திரத்தைத் துணியில் சுற்றிப் பத்தரேயா பக்கத்தில் வையுங்கள். டிசம்பரில் அங்கே பொங்கிய மாதிரி மாவு எங்கள் ஊர் சித்திரையில்கூடப் பொங்கியதில்லை.

போர் நடக்கிறதே, பாதுகாப்பா?

ரஷ்யா என்ற ஒற்றைச் சொல்லுக்கு இதில் பதில் கிடையாது. எந்த நகரம் என்று கேட்க வேண்டும். உக்ரைன் எல்லையை ஒட்டிய கூர்ஸ்க், பெல்கோரோத், பிரியான்ஸ்க் மாகாணங்களுக்கு என் தம்பி போகிறேன் என்றால் விடமாட்டேன். கூர்ஸ்க் பல காலமாக நம் மாணவர்கள் நிறையப் படித்த ஊர். ஆனாலும் 2024 ஆகஸ்டில் உக்ரைன் படை அந்த மாகாணத்துக்குள் நுழைந்தபோது இந்தியத் தூதரகமே மூன்று மாகாணங்களின் பெயரையும் சொல்லி எச்சரித்தது. கிரிமியாவில் சிம்ஃபெரோபோலில் உள்ள பல்கலைக்கழகம் கட்டணம் குறைவு என்று சொல்வார்கள். அந்த நிலம் யாருடையது என்பதே உலகில் தீராத வழக்கு. உங்கள் பட்டத்தை அந்த வழக்கில் மாட்டிவிடாதீர்கள். கசான், தோம்ஸ்க் போன்ற நகரங்களில் அன்றாட வாழ்வு பெரும்பாலும் வழக்கம்போல் நடக்கிறது. ஆனால் ட்ரோன்கள் கசானையும் எட்டியிருக்கின்றன. விமான நிலையங்கள் சில மணி நேரம் மூடப்படுவது வழக்கமாகிவிட்டது. இணைப்பு விமானத்துக்கு நடுவில் நிறைய நேரம் விடுங்கள்.

போரைப் பற்றித் தெருவிலோ சமூக ஊடகத்திலோ கருத்துச் சொல்லாதீர்கள். ராணுவத்தை இழிவுபடுத்தினால் தண்டிக்கும் சட்டம் 2022 மார்ச் முதல் இருக்கிறது. வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும். ட்ரோனையும் ராணுவ வண்டியையும் படம் பிடிக்காதீர்கள்.

இன்னொரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல சம்பளம், "உதவியாளர்" வேலை, குடியுரிமை என்று ஆசை காட்டி இந்திய இளைஞர்களை ராணுவ ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்த கும்பல் மீது 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. படிப்பு விசா என்று ஏமாந்து போனவர்களும் அதில் உண்டு. உங்களுக்குப் புரியாத ரஷ்யத் தாளில், எவ்வளவு அவசரப்படுத்தினாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.

கோடையில் ஆற்றில் இறங்காதீர்கள். 2024 ஜூனில் வெலிக்கி நோவ்கொரோத் பக்கம் வோல்கோவ் ஆற்றில் நான்கு இந்திய மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். மேலே வெயில் சுட்டாலும் கீழே நீர் குளிராக இருக்கும், நீரோட்டம் கரையிலிருந்து தெரியாது.

பகுதிநேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாமா?

சட்டம் 2020இலிருந்து முழுநேர மாணவர்களுக்குத் தனி அனுமதி இல்லாமல் வேலை பார்க்க இடம் தருகிறது. மருத்துவம் படிப்பவருக்கு நேரம் இடம் தராது.

பிடிக்காவிட்டால் நடுவில் கல்லூரி மாறலாமா?

ரஷ்யச் சட்டப்படி மாறலாம். படிப்பும் பயிற்சியும் ஒரே நிறுவனத்தில் என்ற நம் விதிப்படி மாறக் கூடாது. ஆகவே தேர்வு செய்யும் முன்பே, அங்கே நான்காம், ஐந்தாம் ஆண்டு படிக்கும் இருவரிடமாவது பேசுங்கள். முதல் ஆண்டு மாணவரிடம் கேட்காதீர்கள். அவர் இன்னும் பனியைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்.

எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் பலர் தோற்பது ஏன்?

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் பதிவு பெற எழுத வேண்டிய தேர்வு இது. 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி, தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. அப்படியும் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் நான்கைந்து பேரில் ஒருவர்தான் தேறியிருக்கிறார். நான் முதல் முறை 139 எடுத்துத் தோற்றேன்.

காரணம் அறிவுக் குறைவு மட்டும் இல்லை. அங்கே வாயால் விளக்கிப் பழகுகிறோம். இங்கே நான்கு விடையில் ஒன்றைக் குறிக்கச் சொல்கிறார்கள். அங்கே டெங்குவையும் பாம்புக்கடியையும் பார்த்ததே இல்லை. இங்கே அவை வருகின்றன. மூன்றாம் ஆண்டிலிருந்தே இந்தியப் பாடநூல்களை வாரத்துக்கு இரண்டு மாலை படித்தவர்கள் என் வகுப்பில் ஐந்து பேர். ஐவரும் முதல் முறையே தேறினார்கள். இதற்குப் பதிலாக, இந்தியாவில் படித்தவர்களுக்கும் பொதுவான நெக்ஸ்ட் தேர்வு வரப்போகிறது என்று பல ஆண்டாகச் சொல்கிறார்கள். எது வந்தாலும் அந்த இரண்டு மாலைகள் வீண்போகாது.

இலங்கைப் பிள்ளைகளுக்கு இந்த விதிகள் பொருந்தாது. அவர்களுக்கு இலங்கை மருத்துவச் சபை நடத்தும் பதிவுத் தேர்வு இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சபையிடம் நேரடியாக விசாரித்த பிறகே சேர வேண்டும்.

மருத்துவம் தவிர வேறு படிப்புகள்?

இதைக் கேட்பவர் நூற்றில் இருவர்கூட இல்லை என்பது என் வருத்தம். கணிதம், இயற்பியல், அணுப் பொறியியல், விண்வெளிப் பொறியியல் ஆகியவற்றில்தான் அந்த நாட்டின் பலம். கூடங்குளத்தில் ஓடும் உலைகள் ரஷ்ய வடிவமைப்பு. அந்தத் துறைக்கு ஆள் உருவாக்கும் மெஃபி பல்கலைக்கழகம் மாஸ்கோவில் இருக்கிறது. 1755இல் தொடங்கிய மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் தமிழே ஒரு பாடமாக இருந்தது. அங்கே பல பத்தாண்டுகள் தமிழ் கற்பித்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி 2020இல் கொரோனாவில் மறைந்தார். சங்கப் பாடல்களை ரஷ்ய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர்கள் நம் மொழியைப் படித்த அக்கறையில் பாதியோடு நாம் அவர்கள் மொழியைப் படித்தால் போதும்.

மகனைப் பார்க்க நாங்கள் போக வேண்டும். எப்படி?

உங்களுக்கு இ-விசா சரியாக இருக்கும். 2023 ஆகஸ்டில் இந்தியர்களுக்குத் திறந்தார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து 30 நாள் வரை தங்கலாம். டெல்லியிலிருந்து மாஸ்கோவுக்கு நேரடி விமானம் உண்டு. சென்னையிலிருந்து பலர் வளைகுடா நகரங்கள் வழியாகப் போகிறார்கள். நீங்கள் வழக்கமாக ஓட்டல் பதிவு செய்யும் உலகத் தளங்கள் பல அங்கே இயங்குவதில்லை. மகனையே உள்ளூர்த் தளத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். மாஸ்கோ நடுவில் கைப்பேசி வரைபடம் உங்களைத் திடீரென்று விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டும். செயற்கைக்கோள் சமிக்ஞையைக் குழப்புகிறார்கள். வழி கேட்டு நடங்கள்.

ஒரே ஓர் இரவாவது ரயிலில் போங்கள். மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்குக்கு நான்கு மணி நேரத்தில் போகும் சப்ஸான் அதிவேக ரயில் வேண்டாம். "ப்ளாத்ஸ்கார்த்" என்ற திறந்த படுக்கைப் பெட்டி, 54 படுக்கைகள், நம் ஸ்லீப்பர் கோச்சுக்கு உறவுமுறை. பெட்டியின் முனையில் எந்நேரமும் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். எதிர்ப் படுக்கைப் பாட்டி முதலில் ஒரு மணி நேரம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அங்கே தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பது வழக்கம் இல்லை. கோபம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் முறுக்கு டப்பாவைத் திறந்து நீட்டுங்கள். அவர் ஊறுகாய் வெள்ளரியை எடுப்பார். பிறகு காலை வரை பேச்சு நிற்காது. உங்களுக்கு ரஷ்ய மொழி தெரியாது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

பெட்டியில் மறக்காமல் வைக்க வேண்டியது என்ன?

எல்லாத் தாள்களிலும் மூன்று பிரதி. மூக்குக்கண்ணாடி இரண்டு. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டோடு. இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மாத்திரைகளுக்கு அங்கே கடும் கட்டுப்பாடு. சிறிய பிரஷர் குக்கர். மிளகு, மஞ்சள், பெருங்காயம். வீட்டுக்குள் போட ஒரு ஜோடி செருப்பு. வெளிச் செருப்போடு யார் வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது என்பதில் அவர்களும் நம்மைப் போலத்தான்.